குறைமாதத்தில் பெண் குழந்தைக்குத்தான் பலமா?

கேள்வி:

எனக்கு வயது 27. தேனி மாவட்டத்தில் ஒரு கிராமம். மூன்று வருடத்துக்கு முன்பு முதல் பிரசவம். திடீரென்று பிரஷர் எகிறி, யூரினில் உப்பு போகிறது என்று சொல்லி, 30 வாரத்தில் சிசேரியன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குள் போன இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் குழந்தை, 1 கிலோ 100 கிராம். மூச்சு விடச் சிரமப்பட்டதால் மெஷினில் வைத்தார்கள். நான்காம் நாள் இறந்துவிட்டான். பக்கத்து வார்மரில் அவனைவிட எடை குறைந்த பெண் குழந்தை ஒன்று இருந்தது. அது தேறி வீட்டுக்குப் போனது. "பொம்பளப் புள்ளையா இருந்தா தாக்குப்பிடிச்சிருக்கும்மா, பையன்னா இப்படித்தான்" என்று அங்கிருந்த ஓர் அக்கா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போது எனக்கு 28 வாரம். மறுபடியும் பிரஷர் 150/100. மாத்திரை சாப்பிடுகிறேன். என் மாமியார், "எந்தப் புள்ளைன்னு ஸ்கேன்ல எப்படியாச்சும் கேட்டுத் தெரிஞ்சுக்குவோம். பையன்னா மதுரைக்குப் போயிடலாம். பொண்ணுன்னா கெட்டியா இருக்கும், இங்கேயே பார்த்துக்கலாம்" என்கிறார். கணவரும் அதில் என்ன தப்பு என்கிறார். ஆண் குழந்தை பலவீனமானது என்பது உண்மையா? பையனைச் சுமந்ததால்தான் எனக்கு பிரஷர் வந்ததா? என்ன குழந்தை என்று முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்ற வைத்தியம் பார்க்க முடியுமா? நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?

பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

மகனை இழந்த துயரத்தோடு இவ்வளவு தெளிவாகக் கேள்வி கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதம் கிடைத்த அன்றே ஆசிரியர் குழு மூலம் ஒரு செய்தி சொல்லியனுப்பினேன். மற்ற வாசகர்களுக்காக அதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். வயிற்றில் இருப்பது எந்தக் குழந்தையாக இருந்தாலும், உங்கள் பிரசவம் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும். உங்களுக்குப் பக்கத்தில் என்றால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. இதில் 'பையன்னா', 'பொண்ணுன்னா' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏன் என்பதை உங்கள் கேள்விகளின் வரிசையிலேயே சொல்கிறேன்.

ஆண் குழந்தை பலவீனமானது என்பது உண்மையா?

அந்த அக்கா சொன்னதில் உண்மை இருக்கிறது. மருத்துவ உலகம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அறிந்த உண்மை அது. டப்ளின் நகரப் பிரசவ மருத்துவமனையில் பணியாற்றிய ஜோசப் கிளார்க் என்ற மருத்துவர், அங்கே பிறந்த குழந்தைகளின் பதிவேடுகளைக் கணக்குப் பார்த்து, ஆண் குழந்தைகளே அதிகம் இறக்கிறார்கள் என்று 1786-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். ஆணின் உடல் பெரிதாக வளரும் இயல்புடையது, அதற்குக் கருப்பையில் ஊட்டம் கூடுதலாக வேண்டும், ஆகவே தாயின் உடம்பில் குறை ஏற்பட்டால் அதிகம் அடிபடுவது ஆண் சிசுதான் என்பது அவர் போட்ட கணக்கு. இன்றைய ஆராய்ச்சிகளும் அவர் ஊகத்தை அடியோடு தள்ளிவிடவில்லை.

இப்போது எண்களுக்கு வருவோம். குறைமாதத்தில் பிறக்கும் வாய்ப்பு ஆண் சிசுவுக்குச் சுமார் 14 சதவீதம் அதிகம் என்று 2013-இல் வெளியான உலகளாவிய கணக்கீடு சொல்கிறது. வயிற்றிலேயே இறந்து பிறக்கும் ஆபத்து ஆணுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் அதிகம் என்று, 3 கோடிப் பிரசவங்களின் தகவலைத் திரட்டி இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் காட்டினார்கள். இந்த 10 சதவீதத்தைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. பேச்சுக்கு, ஆயிரம் பெண் சிசுக்களில் 10 பேருக்கு இந்த ஆபத்து என்றால், ஆயிரம் ஆண் சிசுக்களில் 11 பேருக்கு என்று பொருள். லட்சக்கணக்கான பிரசவங்களைக் கூட்டிப் பார்க்கும்போது பளிச்சென்று தெரியும் வித்தியாசம் இது. ஒரு வீட்டில், ஒரு பிரசவத்தில் இதை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? நுரையீரலில் இருந்து தொடங்கலாம். உங்கள் மகன் மூச்சு விட்டதைப் பார்த்திருப்பீர்கள். மூக்கு விடைக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே இழுக்கும். மூச்சை வெளியே விடும்போது ஒரு முனகல் கேட்கும். அதைக் கேட்கும் தாய்க்கு வயிறு கலங்கும், பிள்ளை வலியில் முனகுகிறது என்று நினைப்பாள். உண்மையில் அது நுரையீரல் சுருங்கிப் போகாமலிருக்கக் குழந்தை தானாகச் செய்யும் உபாயம். குரல்வளையைப் பாதி மூடிக்கொண்டு, காற்று முழுவதும் வெளியேறிவிடாதபடி உள்ளே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறது.

சுருங்குவது ஏன்? நுரையீரலின் குட்டிக் காற்றறைகளின் உட்சுவர் ஈரமாக இருக்கும். நனைந்த பாலிதீன் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்வதுபோல, ஒவ்வொரு வெளிமூச்சின் கடைசியிலும் அந்தச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுக்க உடம்பே வழவழப்பான ஒரு பொருளைச் சுரக்கிறது. சர்ஃபாக்டன்ட் என்று பெயர். ஆறாம் மாதத்தை ஒட்டி இது சுரக்கத் தொடங்கினாலும், போதுமான அளவுக்கு வருவதற்கு 34, 35 வாரம் ஆகிவிடும். பெண் சிசுவின் நுரையீரல் இந்த விஷயத்தில் ஒன்றிரண்டு வாரம் முந்திக்கொள்கிறது. ஆண் சிசுவின் விரைகளில் சுரக்கும் ஆண் ஹார்மோன் நுரையீரல் முதிர்வதைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. அதனால்தான் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளில் மூச்சுத் திணறல் ஆண்களுக்கு அதிகம் வருகிறது.

நோய் எதிர்ப்பிலும் வித்தியாசம் உண்டு. எதிர்ப்புச் சக்தியோடு தொடர்புடைய பல மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. பெண்ணுக்கு அது இரண்டு, ஆணுக்கு ஒன்றுதான். ஒன்றில் பழுது இருந்தால் ஈடுகட்ட இன்னொன்று இல்லை. ரத்தத்தில் கிருமி பரவுவது, மூளைக்குள் ரத்தக்கசிவு, நீண்ட நாள் ஆக்ஸிஜனை நம்பியிருக்க வேண்டிய நுரையீரல் பாதிப்பு ஆகியவை குறைமாத ஆண் குழந்தைகளிடம் சற்றுக் கூடுதலாகவே காணப்படுகின்றன.

ஆனால் எல்லாக் கட்டத்திலும் பெண்தான் பலசாலி என்றும் சொல்ல முடியாது. கருத்தரிக்கும் நேரத்தில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய சரிசமம் என்றும், கர்ப்ப காலம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பெண் கருக்களே கூடுதலாக அழிகின்றன என்றும் 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. இடுப்பு மூட்டு விலகல் போன்ற பிறவிக் குறைகள் பெண் குழந்தைகளுக்குத்தான் அதிகம்.

எல்லாவற்றிலும் முக்கியமான கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்காவில் 22 முதல் 25 வாரத்துக்குள் பிறந்த சுமார் 4,400 குழந்தைகளை ஆராய்ந்து 2008-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குழந்தை பிழைக்குமா, ஊனமில்லாமல் வளருமா என்பதை ஐந்து விஷயங்களை வைத்து ஓரளவு கணிக்கலாம் என்றார்கள்: எத்தனை வாரம், எவ்வளவு எடை, சிசுவின் நுரையீரலை முதிர வைக்கும் ஸ்டீராய்டு ஊசி தாய்க்குப் போடப்பட்டதா, ஒற்றைக் குழந்தையா இரட்டையா, ஆணா பெண்ணா. இதில் பெண்ணாகப் பிறப்பதால் கிடைக்கும் அனுகூலம், வயிற்றில் கூடுதலாக ஒரு வாரம் இருப்பதற்குச் சமம். ஸ்டீராய்டு ஊசியால் கிடைக்கும் பலனும் ஏறக்குறைய அதே அளவுதான்! பாலினத்தை நாம் மாற்ற முடியாது. ஊசியைப் போடலாம். பிரஷரைக் கட்டுப்படுத்தி ஒரு வாரத்தையோ இரண்டு வாரத்தையோ சம்பாதிக்கலாம். இயற்கை பெண்ணுக்குத் தரும் சலுகையை வைத்தியம் எந்தக் குழந்தைக்கும் தர முடியும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பக்கத்து வார்மர் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை. எடை குறைவாக இருந்தும் அது பிழைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது எத்தனை வாரத்தில் பிறந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. 32 வாரத்தில் ஒரு கிலோவோடு பிறந்த குழந்தையின் நுரையீரல், 30 வாரத்தில் 1,100 கிராமோடு பிறந்த குழந்தையின் நுரையீரலைவிட முதிர்ந்ததாக இருக்கும். அந்தத் தாய்க்கு இரண்டு நாள் முன்பே ஊசி போட்டிருக்கலாம். நீங்களோ உள்ளே போன இரண்டு மணி நேரத்தில் ஆபரேஷன் மேஜைக்குப் போயிருக்கிறீர்கள். ஊசி போட்டிருந்தாலும் வேலை செய்ய நேரம் கிடைத்திருக்காது. உங்கள் உயிரைக் காப்பாற்ற அந்த அவசரம் தேவைப்பட்டிருக்கலாம். பையன் என்பது மட்டுமே அவனை வீழ்த்தியது என்று யாராலும் சொல்ல முடியாது.

பையனைச் சுமந்ததால்தான் பிரஷர் வந்ததா?

இல்லை. கர்ப்ப கால ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் ('உப்பு' என்று உங்களிடம் சொன்னது இதைத்தான்) சேர்ந்து வரும் இந்த நோய் நஞ்சுக்கொடியில் தொடங்குகிறது. நஞ்சுக்கொடி வேர்விடும் முதல் மாதங்களில், கருப்பைச் சுவரின் ரத்தக் குழாய்கள் அகன்று கொடுக்க வேண்டும். சரியாக அகலவில்லையென்றால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாமல், அதிலிருந்து கிளம்பும் பொருள்கள் தாயின் ரத்தக் குழாய்களைப் பாதிக்கின்றன. பிரஷர் ஏறுகிறது, சிறுநீரகமும் கல்லீரலும் திணறுகின்றன. முதல் கர்ப்பம், முந்தைய பிரசவத்தில் இதே பிரச்சினை, இரட்டைக் குழந்தை, சர்க்கரை நோய், சிறுநீரக நோய், அதிக உடல் எடை ஆகியவைதான் ஆபத்தைக் கூட்டும் காரணங்கள்.

பாலினத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று தேடியவர்களுக்குக் கிடைத்த விடை பலரும் எதிர்பாராதது. 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களின் தகவலைச் சேர்த்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், சீக்கிரமே தொடங்கிக் குறைப்பிரசவத்தில் முடியும் வகை, பெண் சிசுவைச் சுமக்கும் தாய்மாரிடம்தான் சற்று அதிகமாகக் காணப்பட்டது. இதற்குப் பெண் சிசு பிரஷரைக் கொண்டுவருகிறது என்று அர்த்தமில்லை. நஞ்சுக்கொடி மோசமாக அமைந்த கர்ப்பங்களில் ஆண் சிசுக்கள் முன்பே கலைந்துபோய், தாக்குப்பிடித்த பெண் சிசுக்கள் மட்டும் கணக்கில் மிஞ்சியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். கர்ப்ப கால சர்க்கரையோ ஆண் சிசுவைச் சுமப்பவர்களிடம் இம்மியளவு அதிகம். இப்படி ஒன்றில் இந்தப் பக்கம், இன்னொன்றில் அந்தப் பக்கம் என்று சாயும் சிறு வித்தியாசங்களை வைத்து எந்தப் பிள்ளையையும் குற்றம் சொல்லக் கூடாது. தாயைக் குற்றம் சொல்வது அதைவிட அநியாயம்.

ஆணும் பெண்ணும் கஷ்ட காலத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதை ஆஸ்திரேலியாவில் விக்கி கிளிஃப்டன் குழுவினர் ஆஸ்துமா உள்ள கர்ப்பிணிகளிடம் ஆராய்ந்தார்கள். தாய்க்கு மூச்சு முட்டும்போது பெண் சிசு தன் வளர்ச்சியைச் சற்றுக் குறைத்துக்கொண்டு சிக்கனமாக இருக்கிறது. ஆண் சிசு எதுவும் நடக்காததுபோல வளர்ந்துகொண்டே போகிறது. சாதாரண நாளில் அவன் எடை நன்றாகத்தான் இருக்கும். அடுத்த அடி விழும்போது கையிருப்பு இல்லாமல் தடுமாறுவதும் அவன்தான். கர்ப்பத்தில் சிக்கல் உள்ளவர்களிடம், 'எடை நன்றாகத்தானே இருக்கிறது, அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று தள்ளிப்போட வேண்டாம் என்று நாங்கள் சொல்வது இதனாலும்தான். 'கொஞ்சம் ஒல்லியாக இருக்கிறது, பரவாயில்லை' என்று விடுவதும் தவறு. சிக்கனமாக வளரும் சிசு ஏதோ ஒரு பற்றாக்குறையைச் சகித்துக்கொண்டிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

என்ன குழந்தை என்று தெரிந்தால் வைத்தியம் மாறுமா?

ஒரு ஊசிகூட மாறாது. நுரையீரலை முதிர வைக்கும் ஸ்டீராய்டு இரண்டு பாலினத்துக்கும் பலன் தருகிறது, அளவும் ஒன்றுதான். மூளையைக் காக்கும் மெக்னீசியம் சல்பேட்டும் அப்படித்தான். மூக்கு வழியாக அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் சி-பாப் கருவியை எப்போது பொருத்துவது, சர்ஃபாக்டன்ட் மருந்தை எப்போது கொடுப்பது என்பதைக் குழந்தை மூச்சு விடும் விதத்தையும் ஆக்ஸிஜன் தேவையையும் பார்த்தே முடிவு செய்கிறோம். பிறந்த பிறகு கேஸ் ஷீட்டில் ஆண் அல்லது பெண் என்று எழுதுவோம். அதைப் பார்த்து மருந்து எழுதுவதில்லை.

அடுத்தது சட்டம். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடை செய்யும் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு, 1996-இல் நடைமுறைக்கு வந்து, 2003-இல் மேலும் இறுக்கப்பட்டது. வாயால் சொல்வது மட்டுமல்ல, சைகையால் காட்டினாலும் குற்றம்தான். ஸ்கேன் செய்பவருக்கு மட்டும் தண்டனை என்று உங்கள் வீட்டில் நினைத்திருப்பார்கள். கேட்டுப் போகும் கணவருக்கும் உறவினருக்கும் முதல் முறையே மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கர்ப்பிணியைக் குடும்பத்தார் கட்டாயப்படுத்தியதாகவே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். ஆகவே சிக்குவது உங்கள் கணவரும் மாமியாரும்தான். ஹீமோஃபீலியா போல பாலினத்தோடு பிணைந்த மரபு நோய் உள்ள குடும்பங்களுக்கு, அந்த நோயைக் கண்டறியும் பரிசோதனைக்குச் சட்டம் இடம் தருகிறது. உங்கள் நிலைமை அதில் வராது.

சட்டத்தையும் தாண்டி ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் மாமியார் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை என்று நம்புகிறேன். ஆனாலும் 'பொண்ணுன்னா கெட்டி, இங்கேயே பார்த்துக்கலாம்' என்ற பேச்சு ஆபத்தானது. 2017-இல் இந்தியாவின் அரசுப் பச்சிளங்குழந்தைச் சிறப்புப் பிரிவுகளில் சேர்க்கப்பட்டவர்களில் பெண் குழந்தைகள் ஐந்தில் இரண்டு பங்குதான் என்று யுனிசெஃப் சுட்டிக்காட்டியது. ஆண் குழந்தைகள் அதிகம் நோய்வாய்ப்படுகிறார்கள் என்பது இதற்கு ஒரு காரணம். பெண் குழந்தைகளைக் கொண்டுவருவதில் குடும்பங்கள் தயங்குவது இன்னொரு காரணம். பெரும்பாலான நாடுகளில் ஐந்து வயதுக்குள் ஆண் குழந்தைகளே அதிகம் இறக்கிறார்கள். நம் நாட்டில் நெடுங்காலம் பெண் குழந்தைகளின் இறப்பு விகிதமே அதிகமாக இருந்தது. இயற்கை கொடுத்த பலத்தை வீட்டின் அலட்சியம் தின்றுவிட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

உங்கள் ஊரிலிருந்து மதுரைக்குப் போகும் சாலை உசிலம்பட்டி வழியாகப் போகிறது. அந்தப் பகுதியில் நடந்த பெண் சிசுக்கொலைகள் 1986-இல் பத்திரிகையில் வெளிவந்து நாடே அதிர்ந்தது. 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. அந்தக் காலத்தைத் தாண்டி வந்துவிட்டோம் என்று பெருமைப்படுகிறோம். ஆனால் பிள்ளை பெண் என்பதற்காக அருகிலுள்ள சிறிய ஆஸ்பத்திரியே போதும் என்று முடிவெடுத்தால், அதற்கு 'கெட்டி' என்று பாராட்டுப் பெயர் சூட்டினாலும் விளைவு ஒன்றுதான். 30 வாரத்தில் பிறக்கும் பெண் குழந்தைக்கும் மூச்சுத் திணறல் வரலாம். சி-பாப் இல்லாத இடத்தில் அதுவும் இறந்துபோகலாம். ஒரு வார அனுகூலம் வசதியில்லாத இடத்தை ஈடுகட்டாது.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில் உங்கள் உடம்பு. சிறுநீரில் புரதம், ரத்தத் தட்டணு எண்ணிக்கை, கல்லீரல், கிரியாட்டினின் பரிசோதனைகளைச் செய்து, அடிக்கடி திரும்பப் பார்க்க வேண்டும். சிசுவின் வளர்ச்சி ஸ்கேனோடு, தொப்புள்கொடியில் ரத்தம் ஓடுவதைக் காட்டும் டாப்ளரும் அவசியம். லேபெட்டலால், நிஃபெடிபின் போன்ற மாத்திரைகளை டாக்டர் சொன்ன நேரத்தில் தவறாமல் சாப்பிடுங்கள். பிரஷர் இறங்கிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். உப்பில்லாப் பத்தியம் தேவையில்லை. அதனால் இந்த நோய் குறையாது.

தாங்க முடியாத தலைவலி, கண் மங்குவது, மேல் வயிற்றில் வலி, முகம் வீங்குவது, சிறுநீர் குறைவது, ரத்தப்போக்கு, பிள்ளையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைவது: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். பிரஷர் 160/110-ஐத் தொட்டால், வேறு தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் உடனே கிளம்ப வேண்டும். இந்த நோயில் வலிப்பு வராமல் காக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசியைக் குறித்த நேரத்தில் போட்டால் வலிப்பு ஆபத்து பாதியாகக் குறையும் என்று 2002-இல் நடந்த பெரிய ஆய்வில் தெரிந்தது.

பிள்ளையை எவ்வளவு நாள் உள்ளே வைத்திருப்பது? பிரஷர் கட்டுக்குள் இருந்து, பரிசோதனைகளும் சரியாக இருந்தால் 37 வாரம் வரை போகலாம். தீவிர அறிகுறிகள் இருந்தால் 34 வாரத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதற்கு முன்பே உங்கள் உயிருக்கோ குழந்தைக்கோ ஆபத்து என்றால் அப்போதே பிரசவம்தான். இந்த முடிவை ஆஸ்பத்திரியில் தங்கவைத்து, நாளுக்கு நாள் பார்த்து எடுப்பார்கள்.

ஒரு வாரத்துக்குள் குறைப்பிரசவம் ஆகலாம் என்று டாக்டருக்குத் தோன்றினால் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இருவர் 1972-இல் உலகுக்குக் காட்டிய வைத்தியம் இது. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன்: 6 மில்லிகிராம் வீதம் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசி. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில், 26 முதல் 33 வாரக் கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுத்தபோது பச்சிளங்குழந்தை இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 சதவீதமாகக் குறைந்தது. 2020-இல் வெளியான முடிவு அது. முழுப் பலன் கிடைக்க ஒரு நாளாவது வேண்டும். முந்தைய முறை உங்களுக்கு இல்லாமல் போனது அந்த ஒரு நாள்தான். அதனால்தான் கடைசி நிமிடத்தில் ஆம்புலன்ஸில் போகாமல் முன்கூட்டியே போய்ச் சேருங்கள் என்கிறேன். பிறந்த ஒரு கிலோக் குழந்தையைப் பஞ்சில் பொதிந்து 70 கிலோமீட்டர் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட, வயிற்றில் வைத்தபடியே அழைத்துப் போவது எவ்வளவோ பாதுகாப்பு.

இதே வரலாறு உள்ள மற்ற வாசகிகளுக்கு ஒரு குறிப்பு. ஒருமுறை இந்த நோய் வந்தவர்கள் அடுத்த கர்ப்பம் உறுதியானதும் 12 வாரத்துக்குள் டாக்டரைப் பார்த்து, குறைந்த அளவு ஆஸ்பிரின் வேண்டுமா என்று கேளுங்கள். ஆபத்து அதிகம் உள்ள பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்தில் தொடங்கி இரவில் 150 மில்லிகிராம் கொடுத்ததில், குறைப்பிரசவத்தில் முடியும் வகை 62 சதவீதம் குறைந்தது என்று 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது. 28 வாரத்தில் புதிதாகத் தொடங்கிப் பயனில்லை.

செலவைப் பற்றிய கவலையையும் தீர்த்துவிடுகிறேன். 2011 முதல் மத்திய அரசின் திட்டப்படி அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், நோயுற்ற பச்சிளங்குழந்தையின் சிகிச்சை, போக்குவரத்து எல்லாம் இலவசம். 'இங்கேயே பார்த்துக்கலாம்' என்பதற்குப் பணம் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

குழந்தை பிறந்த பிறகு வீட்டாருக்கும் வேலை இருக்கிறது. உங்கள் சீம்பால் ஒரு சொட்டானாலும் பீய்ச்சிக் கொடுங்கள். குடலைக் காப்பதும் கிருமித் தொற்றைத் தடுப்பதும் அதுதான். டாக்டர் அனுமதித்த உடனே குழந்தையைக் கங்காரு முறையில் மார்போடு மார்பாக, தோலோடு தோல் படும்படி வைத்துக்கொள்ளுங்கள். 1978 வாக்கில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் தொடங்கிய முறை இது. 1 கிலோ முதல் 1 கிலோ 800 கிராம் வரை எடையுள்ள குழந்தைகளுக்கு, உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்தவுடனேயே இதைத் தொடங்கியபோது இறப்பு கால் பங்கு குறைந்தது என்று 2021-இல், டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் பங்கேற்ற ஆய்வில் தெரிந்தது. நாளுக்கு 8 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. வீட்டுக்குப் போன பிறகும் விழித்திரைப் பரிசோதனை, காது கேட்கும் பரிசோதனை, வளர்ச்சிக் கண்காணிப்பு என்று வரச் சொல்லும் தேதிகளைத் தவறவிடக் கூடாது. முதல் கண் பரிசோதனை நான்கு வாரத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். தேறிவிட்டது என்று நினைத்துப் பெண் குழந்தைகளை இந்தப் பரிசோதனைகளுக்குக் கொண்டுவராமல் விட்டுவிடும் குடும்பங்கள் உண்டு. அப்படிச் செய்யாதீர்கள்.

சிசேரியன் வலியோடு நீங்கள் ஒருவரே நாள் முழுக்க நெஞ்சில் வைத்திருக்க முடியாது. கணவர் வைத்துக்கொள்ளலாம், மாமியாரும் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். முன்பக்கம் திறக்கும் ரவிக்கையோடு வரச் சொல்லுங்கள், எப்படி வைத்துக்கொள்வது என்பதை அங்குள்ள நர்ஸ் காட்டிக் கொடுப்பார். எந்தக் குழந்தை என்பது அப்போது உங்கள் மாமியாருக்கே தெரிந்துவிடும்.